மைனஸ் நாலில் ஒரு பாட்டு

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடுவாஞ்சேரியில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில், தூளியில் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் அந்த வீட்டுக்கு ஒரு பழைய கீபோர்டை வாங்க வந்திருந்தார். நான் அதை வாங்க விடாமல் தடுக்க வந்திருந்தேன்.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நாங்கள் சேலம் பக்கத்துக்காரர்கள். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. பணிக்காலம் முழுக்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஒரே மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். இவருக்கு ஆபீசை விட்டாலும் ஆபீஸ் புத்தி விடவில்லை. அங்கே ஒரு போல்ட் வாங்குவதென்றாலும் நாலு இடத்தில் விசாரித்து, கமிட்டி உட்கார்ந்து, சாதகம் பாதகம் அலசித்தான் வாங்குவார்களாம். வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் அதே கதைதான். வீட்டுக் கமிட்டியில் நான் ஒருத்திதான் உறுப்பினர் என்பதால் எல்லா அறிக்கையையும் நானே உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

அந்த வருடம் அவர் கொண்டுவந்த விஷயம் அரேஞ்சர் கீபோர்டு. சும்மா பியானோ மாதிரி வாசிக்கிற கீபோர்டு வேறு, இது வேறாம். இதில் இடது கையால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் போதும். டிரம்ஸ், கிட்டார், தபேலா எல்லாம் அதுவாகவே சேர்ந்து வாசிக்கும். வலது கையால் நாம் பாட்டை மட்டும் வாசித்தால் ஒரு கச்சேரியே கேட்கும். காலையில் காபி குடிக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாடு வரை இதே பேச்சுதான்.

"இந்த வயசுல ஒழுங்கா பியானோ கத்துக்கிட்டு எப்ப வாசிக்கறது? இதுல ஒரு விரல் வெச்சா மீதியை அதுவே பாத்துக்கும்" என்றார்.

"எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னா, நடுவுல நீங்க எதுக்கு?" என்றேன்.

நான் சொன்ன பாதகங்கள் கொஞ்சநஞ்சமல்ல. முதலாவது, எங்கள் ஊர்க் காற்று. கடலை ஒட்டி இருக்கிறோம். உப்புக்காற்று வாசல் கேட்டைத் தின்றது, ஃப்ரிட்ஜின் முதுகைத் தின்றது, மிக்ஸியின் திருகாணியைக்கூட விடவில்லை. கீபோர்டை மட்டும் விட்டுவைக்குமா? அடுத்தது, அதை எங்கே வைப்பது? பீரோ நீளத்துக்கு இருக்கிறது. இன்னொன்று, இவருடைய பழைய ஆசைகள். மீன் தொட்டி வாங்கினார். இப்போது அதில் கற்பூரவல்லி வளர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவருக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமே கிடையாது. குக்கர் விசிலையும் காலிங் பெல்லையும் குழப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்க்கிற ஆள். மகளிடம் போனில் முறையிட்டால், "அப்பா ஆசைப்படறாரு, விடும்மா" என்று அவளும் கட்சி மாறிவிட்டாள்.

ஆனால் நான் சொன்ன இத்தனை பாதகங்களிலும் என் உண்மையான காரணம் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் பாடுவேன். கச்சேரி செய்கிற அளவுக்கெல்லாம் இல்லை. டவுன்ஷிப்பில் எங்கள் பஜனைக் குழு ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் வீட்டில் கூடுவோம். எங்களில் மூத்த அக்கா ஒருவர் ஆர்மோனியம் வாசிப்பார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ஐந்து கட்டை சுருதி ஒன்றுதான். எந்தப் பாட்டானாலும் அங்கேதான் ஆரம்பம். பெண்களுக்கு அது தோதான சுருதி என்பதால் எல்லோரும் அதிலேயே பாடிப் பழகிவிட்டோம். முதல் பாட்டு எப்போதும் ஒரு முருகன் பாட்டு. அதை எடுத்துக் கொடுப்பது எப்போதும் நான். சரணத்தில் ஒரு வரி ஜிவ்வென்று மேலே போகும். அந்த இடத்தில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள், நான் மட்டும் தனியாகப் போவேன். வாரம் முழுக்கச் சமையலும் துணி துவைப்பதுமாகப் போகும். அந்த ஒரு வரிக்காக நான் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு எனக்குத் தைராய்டில் கட்டி வந்தது. சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்ததும் வீடே நிம்மதி அடைந்தது. பேச்சும் பழையபடி வந்துவிட்டது. உச்சத்தில் பாடுவது மட்டும் சிரமமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உயிருக்குப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அது காதில் ஏறவே இல்லை.

உடம்பு தேறி முதல் வெள்ளிக்கிழமை போனேன். அதே முருகன் பாட்டு. அந்த வரி வந்தது. மேலே போன குரல் பாதியில் கிரீச்சிட்டு உடைந்தது. உடனே மற்ற பெண்கள் எல்லோரும் குரலை உயர்த்தி, என் குரல் வெளியே தெரியாதபடி சேர்ந்து பாடி மூடிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை போனேன், ஆனால் பாடவில்லை. ஓரமாக உட்கார்ந்து ஜால்ரா தட்டினேன். வீட்டில் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டேன். டிவியில் பாட்டு வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். இந்த நிலைமையில் வீட்டுக்குள்ளேயே ஒரு கீபோர்டு வந்து உட்கார்ந்து, நாள் முழுக்கச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? அதுதான் என் பாதகம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் உப்புக்காற்றின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இவர் இதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு நீள அட்டையில் அளவெடுத்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் வரைந்து, சாப்பாட்டு மேஜையில் ஒட்டினார். போனில் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அட்டைமேல் விரலை ஓட்டுவார். என் ஆபரேஷனுக்கு முந்தின வருடம், எங்கள் வீட்டு நவராத்திரியில் அவரே எடுத்த வீடியோ. ஆர்மோனிய அக்காவின் விரல்கள் அதில் நன்றாகத் தெரியுமாம், அதைப் பார்த்து அப்படியே பழகுகிறாராம். சத்தமே வராத அட்டையில் என்ன பாட்டு பழகுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. தோசை வைக்க இடமில்லை என்று மட்டும் சண்டை போட்டேன்.

இப்படியாகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரி போய்ச் சேர்ந்தோம். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் கச்சேரிக்கு வாசிக்கிற ஓர் இளைஞர், புதிதாகப் பெரிய கீபோர்டு வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறார். அவர் மனைவி ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவரும் கைக்குழந்தையும்தான்.

"வா சார், வாம்மா, குந்துங்க. கொயந்த இப்பதான் தூங்கிச்சு, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார்.

எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அதை வெளியே காட்டாமல் கமிட்டி உறுப்பினராகவே உட்கார்ந்திருந்தேன். அவர் கீபோர்டை ஸ்டாண்டில் ஏற்றி வாசித்துக் காட்டினார். இடது கையில் ஒரு விரல்தான் வைத்தார், உள்ளேயிருந்து டோலக்கும் கிட்டாரும் சன்னமாகக் கிளம்பின.

"ஆளு ஒர்த்தன்தான் சார், சவுண்டு மட்டும் முழு ட்ரூப்பு. மெதுவா அமுக்குனா மெதுவா கேக்கும், அடிச்சு அமுக்குனா சத்தமா கேக்கும். கட்ட எல்லாம் நல்லா கீது."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. விடுவேனா நான்? "தம்பி, நல்லதெல்லாம் சொல்லிட்டீங்க. இதுல இருக்கற குறை என்ன?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "கொறையும் கீதும்மா. எல்லாத்தையும் மிசினே வாசிக்கறதால வெரலு சோம்பேறி ஆயிடும். அப்பால, ஆப் பண்ணிட்டா நாம செட் பண்ணதெல்லாம் மறந்துடும். ஒவ்வொரு தபாவும் மொதல்லருந்து செட் பண்ணணும். நீங்க எங்கேருந்து வந்துகினு கீறீங்க?"

"கல்பாக்கம் பக்கம்."

"அய்யே, உப்புக்காத்தா? துணி போட்டு மூடியே வெக்கணும்மா. இல்லாங்காட்டி சீக்கிரமே பேஜாரு பண்ணும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அந்தத் தம்பிக்குப் போன் வந்தது. ஏதோ கச்சேரி விஷயம் போலிருக்கிறது. "வாசிச்சு பாத்துகினு இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, கட்டைகளைப் பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு பலமாக அழுத்தினார். வீடே அதிர்ந்தது. தூளி ஆடியது. குழந்தை முகத்தைச் சுளித்து ஙே என்றது.

"சத்தத்தைக் குறைங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, நான் தூளியை ஆட்ட ஆரம்பித்தேன். இவர் பதற்றத்தில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மைனஸ் போட்ட பட்டன் ஒன்றைக் கண்டுபிடித்து, டிக் டிக்கென்று அழுத்தினார். சத்தம் குறைந்ததா என்று சோதித்துப் பார்க்கவும் பயம். இன்னும் இரண்டு தடவை அழுத்தினார். பிறகு அந்தத் தம்பி சொன்னது ஞாபகம் வந்து, விரலை மெதுவாக, தூங்குகிறவரைத் தொடுவது மாதிரி வைத்தார்.

அது அந்த முருகன் பாட்டு.

அட்டையில் இத்தனை நாள் பழகியது இதைத்தானா என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தால் கையில் தூளி. விட்டால் குழந்தை அழும். ஆட்டிக்கொண்டே இருந்தேன். இவர் ஒற்றை விரலில் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டே போனார். குழந்தை அரைக்கண்ணைத் திறந்து என்னையே பார்த்தது. நம் பெண்களுக்குத் தூளியைத் தொட்டால் வாய் சும்மா இருக்காது. எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் ம்ம் என்று முனகினேன். அப்புறம் வார்த்தை வந்தது. குழந்தை விழித்துவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்பில், அதன் முகத்தைப் பார்த்தபடி சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தேன்.

சரணம் வந்தது. அந்த வரி வந்தது. அது வருகிறது என்று எனக்குத் தெரிந்த நொடியில் நான் ஏற்கெனவே அதற்குள் போயிருந்தேன். குரல் மேலே ஏறியது. உடையவில்லை. நின்று, நீண்டு, தானாக இறங்கி வந்தது. குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. என் கண் மட்டும் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை, கை தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தது. இவர் எதையும் கவனிக்காமல் அடுத்த கட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வாசற்படியில் அந்தத் தம்பி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "இன்னாம்மா, இப்டி பாடற? அவன் என் பொண்டாட்டி தாலாட்டுக்கே தூங்க மாட்டான்" என்றார். பிறகு கீபோர்டின் திரையைக் குனிந்து பார்த்தார். "டிரான்ஸ்போஸ் எதுக்கு சார் மைனஸ் நாலுல வெச்சுகீற?"

"நான் வால்யூம்னு நெனைச்சேன்" என்றார் என் கணவர்.

அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பட்டனை அழுத்தினால் கை அதே இடத்தில்தான் வாசிக்கும், சுருதி மட்டும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். இவர் நான்கு படி இறக்கிவிட்டிருந்தார். இவர் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. என் தொண்டைக்குத் தெரிந்தது. ஐந்து கட்டையில் எட்டாமல் போன அந்த வரி, கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. குரல் போய்விட்டது என்று நினைத்தேனே, போகவில்லை. வேறு இடத்தில் இருந்திருக்கிறது. நான் பழைய இடத்திலேயே தேடித் தேடி அழுதிருக்கிறேன்.

"எடுத்துக்கலாங்க" என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருட தாம்பத்தியத்தில், கமிட்டி இவ்வளவு சீக்கிரம் ஒப்புதல் கொடுத்ததே கிடையாது. "உப்புக்காத்து?" என்று அவரே கேட்டார். "என் பழைய புடவை இருக்கு, மூடி வெச்சுக்கலாம்" என்றேன்.

செங்கல்பட்டில் பஸ் ஏறும்போது, கீபோர்டைப் போட்ட நீள ரெக்சின் பையோடு எங்களைப் பார்த்த கண்டக்டர், "இன்னா சார், வூட்டுக் கதவக் கயட்டிகினு வந்துட்டியா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. இவர் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன். "எத்தனையோ பாட்டு இருக்கு. ஏங்க அதைப் போய்ப் பழகுனீங்க?"

"அந்த வீடியோல நீ பாடறே இல்ல?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வீட்டுல பாட்டுச் சத்தமே இல்லாம போச்சு. அதைக் கேக்கறதுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு" என்றார்.

அவர் இயர்போனை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது என் குரலை. நான் தோசைக்கு இடமில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் காதில் நான் பாடிக்கொண்டிருந்தேன். பையைப் பிடித்திருந்த அவர் கையின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். அதுவும் பஸ்ஸில், பகலில்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஜனை எங்கள் வீட்டில். ஹாலில் புடவை மூடிய கீபோர்டைப் பார்த்ததும் ஆர்மோனிய அக்கா முகம் சுருங்கிவிட்டது. தனக்குப் போட்டியாக இறக்கியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்குப் பயம். குழுவில் சுருதி என்பது அக்காவுடையது. அதை இறக்குங்கள் என்று எப்படிக் கேட்பது? வழக்கம்போல ஜால்ராவை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனேன். இவர்தான் காரியத்தைக் கெடுத்தார். "அக்கா, நீங்க இதுல வாசிங்க. எப்பவும் வாசிக்கற மாதிரியே வாசிச்சா போதும்" என்று அவரை உட்கார வைத்து, புடவையை எடுத்து, ஆன் செய்து, டிக் டிக்கென்று பட்டனை அழுத்தினார்.

அக்கா வழக்கமான இடத்தில் விரலை வைத்தார். சுருதி கீழே கேட்டதும் திடுக்கிட்டு விரலைப் பார்த்தார். விரல் சரியாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பாட்டை எடுத்தேன்.

பின்பாட்டுப் பாடின மற்ற பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவ்வளவு கீழே அவர்களுக்கு எட்டவில்லை. ஒருத்தி கரகரவென்று ஆண்பிள்ளைக் குரலில் பாடினாள், ஒருத்திக்குக் காற்றுதான் வந்தது, எல்லோருக்கும் சிரிப்பு. ஆனால் ஒருத்திகூட நிறுத்தவில்லை. கீழேயே முட்டி மோதிக்கொண்டு கூட வந்தார்கள். அந்த வரி வந்ததும், பழையபடி, எல்லோரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். நான் மட்டும் தனியாகப் போனேன்.

பாட்டு முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொண்டை இன்னும் ஆறலைன்னு நெனைச்சேன்டி. கேட்டா மனசு கஷ்டப்படுமேன்னு யாரும் கேக்கலை. சுருதிதான் எட்டலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்களுக்கு அந்த ஒரு கட்டைதானேக்கா தெரியும்?" என்றேன்.

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று சொல்லி, அழுகையும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து முதல் பாட்டு என் சுருதியில், மற்றவை அவர்கள் சுருதியில். யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

இப்போது யாராவது என்னிடம் அரேஞ்சர் கீபோர்டு வாங்கலாமா என்று கேட்டால் சாதகம் பாதகம் இரண்டையும் சொல்வேன். அந்தத் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. உப்புக்காற்றில் ஒரு கட்டை இப்போதே சிக்குகிறது. என் கணவரின் விரல் சோம்பேறியாகவே இருக்கிறது, இன்னமும் அந்த ஒரு பாட்டுதான். ஆஃப் செய்தால் அதற்கு எல்லாம் மறந்துபோகிறது, என் சுருதியும்தான். அதனால் தினமும் சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போது, ஹாலில் புடவையை விலக்குகிற சத்தம் கேட்கும். அப்புறம் டிக், டிக், டிக், டிக் என்று நான்கு தடவை கேட்கும். ஏறினாலும் இறங்கினாலும் காதுக்குத் தெரியாத ஒரு மனுஷர், ஒரு நாள்கூட மறக்காமல் எனக்காக நான்கு படி இறங்கி வந்து காத்திருக்கிறார். எட்டவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில் வெட்கமே இல்லை என்பதை அந்தச் சத்தத்தைக் கேட்கும் ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கற்றுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் பாடப் போகிறேன்.